முதல் ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட இல்லை, எட்டாவது ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது: பம்பஸ் ஜோன்ஸுக்கு என்ன நடந்தது?

முதலில் உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நீங்கள், பேஸ்பால் சாதனைப் பட்டியல் ஒன்றில் பம்பஸ் ஜோன்ஸ் என்ற பெயரைப் பார்த்திருக்கிறீர்கள். 1892ல் பெரிய லீகில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச மட்டத்தில், தன் முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசியவர், மொத்தம் 8 ஆட்டங்களோடு காணாமல் போயிருக்கிறார். அந்த முதல் நாள் வெறும் அதிர்ஷ்டமா, மறு வருடம் பிட்சிங் தூரத்தை, அதாவது பந்து வீசும் தூரத்தை, மாற்றியதுதான் அவரைக் கவிழ்த்ததா, வேறு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. எட்டே எட்டு ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் திறமையைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நான் ஒஹாயோவில் பதினெட்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிட்சிங் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்கான வேலை வேறு. சாயங்காலமும் சனிக்கிழமையும் மைதானத்தில் இருப்பேன். பழைய ஸ்கோர் அட்டைகளைப் படிப்பதும் அந்தப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டதுதான். ஜோன்ஸும் ஒஹாயோக்காரர் என்பதால் அவர்மேல் எனக்குக் கூடுதல் பிரியம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சந்தேகமில்லாத விஷயங்களில் தொடங்குகிறேன். முழுப்பெயர் சார்லஸ் லியாண்டர் ஜோன்ஸ். 1870 ஜனவரி 1ஆம் தேதி ஒஹாயோவின் சீடர்வில் ஊரில் பிறந்தவர். 1892ஆம் ஆண்டைச் சின்ன லீக்குகளில் ஆடிக் கழித்துவிட்டு, அக்டோபர் 15ஆம் தேதி, அதாவது பருவத்தின் கடைசி நாளில், சின்சினாட்டி அணிக்காகப் பிட்ஸ்பர்குக்கு எதிராக இறங்கினார். வயது 22. சின்சினாட்டி 7, பிட்ஸ்பர்க் 1. ஒன்பது இன்னிங்ஸையும் அவரே வீசி முடித்தார். பிட்ஸ்பர்குக்கு ஒரு ஹிட்கூட இல்லை.

ஹிட்டே இல்லாதபோது அந்த 1 ரன் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கிரிக்கெட் ரசிகர் எல்லோரும் கேட்பதுதான். பேட்ஸ்மேன் பந்தை அடித்து, ஃபீல்டர் எந்தத் தவறும் செய்யாமலே முதல் பேஸைப் பத்திரமாக எட்டினால் அது ஹிட். ஸ்ட்ரைக் பகுதிக்கு, அதாவது பேட்ஸ்மேனுக்கு அடிக்க வசதியான இடத்துக்கு, வெளியே நான்கு பந்து போனால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அது வாக். ஃபீல்டர் கோட்டைவிட்டதால் தப்பினால் அது எரர். வாக்கும் எரரும் ஹிட் கணக்கில் சேராது. ஜோன்ஸ் அன்று 4 வாக் கொடுத்தார். எரரும் சேர்ந்துகொள்ள ஒருவர் பேஸ்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டார். ஆகவே ஸ்கோர் அட்டையில் ரன் 1, ஹிட் 0.

இந்தச் சாதனை பிற்காலத்தில் யாரோ பெருந்தன்மையாகக் கொடுத்த பட்டமும் அல்ல. இப்படி ஹிட்டே கொடுக்காத ஆட்டத்துக்கு நோ-ஹிட்டர் என்று பெயர். 1991ல் பெரிய லீக் நிர்வாகம் அதன் வரையறையை இறுக்கியது. முழுதாக 9 இன்னிங்ஸாவது வீசியிருக்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை ஹிட் இருக்கக்கூடாது என்று சொல்லி, மழையாலும் இருட்டாலும் சுருங்கிய ஆட்டங்களையெல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜோன்ஸின் ஆட்டம் அதிலும் நின்றது.

சரி, அதிர்ஷ்டமா? ஓரளவு ஆமாம். எந்த நோ-ஹிட்டரிலும் அது உண்டு. பந்தை விட்ட பிறகு பிட்சருக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது. அடித்த பந்து ஃபீல்டரின் கைக்கு நேராகப் போகிறதா, இரண்டு அடி தள்ளிப் போகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அன்றைய 27 அவுட்களில் பெரும்பாலானவை ஃபீல்டர்கள் எடுத்தவை. அந்தச் சின்சினாட்டி அணியின் இரண்டாம் பேஸ்மேன் பிட் மெக்ஃபீ கையுறையே போடாமல் ஆடியவர். 1896 வரைக்கும் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார். பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஆள் பின்னால் நிற்பது ஒரு புது பிட்சருக்கு எத்தனை தெம்பு என்பதைப் பிட்சிங் சொல்லிக்கொடுக்கிறவனாக என்னால் உணர முடிகிறது. பந்தை அடிக்கவிட்டால்கூடப் பரவாயில்லை என்ற நிம்மதி வந்துவிட்டால் தோள் தளர்ந்துவிடும், பந்து தானாகவே நேராகப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று ஜெயித்து அடைய இரு அணிகளுக்கும் எதுவும் மிச்சமில்லை. அந்த வருடம் பருவத்தை இரண்டு பாதியாகப் பிரித்து ஆடினார்கள். முதல் பாதியைப் பாஸ்டனும் இரண்டாம் பாதியைக் கிளீவ்லாண்டும் எடுத்துக்கொண்டன. சின்சினாட்டியும் பிட்ஸ்பர்கும் நடுவில் நின்ற அணிகள். கடைசி நாள், அக்டோபர் நடுப்பகுதி, ஊருக்குக் கிளம்பும் அவசரம். பிட்ஸ்பர்க் ஆட்கள் முழு மனதோடு ஆடினார்களா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அது சந்தேகம் மட்டுமே. எந்த ஸ்கோர் அட்டையும் ஆட்டக்காரரின் மனதைப் பதிவு செய்வதில்லை. மனமில்லாமல் ஆடும் அணியும் நாலைந்து ஹிட்டாவது எடுத்துவிடும் என்பது என் அனுபவம். அதனால் இந்தக் காரணத்துக்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை.

இனி தூரம். நீங்கள் கேட்டதில் முக்கியமானது இதுதான், தவறான தகவல் அதிகம் சுற்றுவதும் இங்கேதான். 1892 வரைக்கும் 50 அடியிலிருந்து வீசினார்கள், 1893ல் அதை 60 அடி 6 அங்குலம் ஆக்கினார்கள், ஒரே அடியாகப் பத்தரை அடி கூடிவிட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இது சரியல்ல. அப்போது பிட்சர் நிற்பதற்குத் தரையில் ஒரு கட்டம் வரைந்திருக்கும். 4 அடி அகலம், ஐந்தரை அடி நீளம். 50 அடி என்பது அந்தக் கட்டத்தின் முன்கோட்டுக்கு இருந்த தூரம். ஆனால் 1887 விதிப்படி பிட்சர் பின்காலைப் பின்கோட்டில் ஊன்றி, ஒரே ஒரு எட்டு வைத்துத்தான் வீச வேண்டும். அந்தப் பின்கோடு ஐம்பத்தைந்தரை அடியில் இருந்தது. 1893ல் கட்டத்தை எடுத்துவிட்டு, 60 அடி 6 அங்குலத்தில் ஒரு ரப்பர் பலகையைப் பதித்தார்கள். பின்கால் ஊன்றும் இடத்திலிருந்து பார்த்தால் கூடியது 5 அடிதான். அந்த விசித்திரமான ஆறு அங்குலத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஐம்பத்தைந்தரையோடு ஐந்து. 60 அடி என்று எழுதியிருந்ததை நிலம் அளந்தவர் தப்பாகப் படித்துவிட்டார் என்ற கதையை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் கிரிக்கெட்காரர் என்பதால் ஓர் ஒப்பீடு. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. பந்து வீசுகிறவரின் கோட்டிலிருந்து பேட்ஸ்மேனின் கோட்டுக்கு 58 அடி. வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை வருடக் கணக்காகப் பழகிய அந்தத் தூரத்திலிருந்து திடீரென்று ஐந்து அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவருடைய யார்க்கர் அத்தனையும் பேட்ஸ்மேனின் காலுக்கு முன்னால் ஹாஃப்-வாலியாக விழும். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

ஐந்து அடி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்குத்தான், ஜோன்ஸின் வேகத்தை யாரும் அளக்கவில்லை. பிட்சர் முன்னால் எட்டு வைத்துத்தான் பந்தை விடுவார் என்பதால் பந்து பறக்கும் தூரம் 50 அடியிலிருந்து 55 ஆகிறது. கூடுதல் நேரம் ஒரு நொடியில் நூறில் நான்கு பங்கு. ஆனால் அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு பந்தை இன்னும் சுமார் 18 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பந்தின் சுழற்சி இதைக் கொஞ்சம் குறைக்கும், கொஞ்சம் மாற்றும். இருந்தாலும் முழங்காலுக்கு மேலே ஸ்ட்ரைக்காகப் போன பந்து அதே கை, அதே விசையில் முழங்காலுக்குக் கீழே போய்விடும். வாக் எண்ணிக்கை கூட இதுவே போதும்.

இதை நான் வருடா வருடம் கண்ணால் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் 54 அடியிலிருந்து வீசும் போட்டிகள் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் முழு 60 அடி 6 அங்குலம். போன வருடம் ஒரு பையன், 54 அடியில் அவனை யாராலும் தொட முடியாது. புது தூரத்தில் முதல் நாள் அவன் வீசிய பந்துகளில் பாதி, பேட்ஸ்மேன் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தின. அடுத்த வாரம் அதைச் சரி செய்யப் பந்தைக் கொஞ்சம் மேலே குறிவைத்தான். இப்போது எல்லாம் நெஞ்சு உயரத்துக்குப் போயின. மூன்றாவது வாரம் தூரத்தை ஈடுகட்ட முழு பலத்தையும் போட ஆரம்பித்தான், முழங்கை வலிக்கிறது என்றான். அவனுடைய கர்வ் பந்துதான் பரிதாபம். முன்பு பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் வந்து வளைந்த பந்து இப்போது பாதி வழியிலேயே வளைந்து, "நான் வளைகிறேன், பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்தது. அவன் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் அவனுக்குக் கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது வேண்டும்.

கட்டம் போய் ரப்பர் வந்ததில் இன்னொரு மாற்றம் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. நான்கு அடி அகலக் கட்டத்தில் பிட்சர் வலது ஓரத்துக்கோ இடது ஓரத்துக்கோ நகர்ந்து நின்று கோணத்தை மாற்றலாம். 1893ல் பதித்த பலகையின் அகலம் 12 அங்குலம்தான். கோணத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது ஐந்து அடியைவிடப் பெரிய அடியாக இருந்திருக்கும். ஜோன்ஸ் அப்படி வீசியவரா என்று சொல்வதற்கு ஸ்கோர் அட்டையில் வழியில்லை.

லீக் முழுவதும் என்ன ஆனது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 1892ல் நேஷனல் லீகின் மொத்தப் பேட்டிங் சராசரி, அதாவது பேட் செய்த முயற்சிகளில் ஹிட்டின் பங்கு, .245. 1893ல் .280. 1894ல் .309. பிட்சர்களின் இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர்கள் பொறுப்பில் போன ரன்களின் சராசரி, 3.28லிருந்து 4.66, பிறகு 5.32. சிகாகோவின் பில் ஹட்சின்சன் 1892ல் 622 இன்னிங்ஸ் வீசிய இரும்பு மனிதர். தூரம் மாறிய பிறகு அவர் பழைய ஹட்சின்சனாகத் திரும்பவே இல்லை. அந்தக் காலத்துப் பெரிய பிட்சர்களான சை யங்கும் ஏமஸ் ரூஸியும் சமாளித்துக்கொண்டார்கள். யங்கின் இ.ஆர்.ஏ. 1.93லிருந்து 3.36க்கு ஏறியது, ஆனால் அவர் அந்த வருடமும் 34 ஆட்டம் ஜெயித்தார்.

இப்போது ஜோன்ஸின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அவருடைய மொத்த இ.ஆர்.ஏ. 7.99 என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள். மொத்தம் 41⅔ இன்னிங்ஸ், அவர் பொறுப்பில் 37 ரன். ஆனால் முதல் ஆட்டத்தில் போன அந்த ஒரு ரன் எரரால் வந்ததால் அவர் கணக்கில் ஏறவில்லை. அந்த 9 இன்னிங்ஸைக் கழித்துவிட்டால் 37 ரன்னும் 1893ன் ஏழு ஆட்டங்களில், 32⅔ இன்னிங்ஸில் போனவை. சராசரி 10.19. சின்சினாட்டிக்காக ஆறு ஆட்டம், ஒரு வெற்றி, மூன்று தோல்வி. பிறகு நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு ஆட்டம் கொடுத்தது. 1893 ஜூலை 14. நான்கு இன்னிங்ஸ், ஐந்து ரன், தோல்வி. அதோடு பெரிய லீக் முடிந்தது. அந்த வருடம் அவர் எடுத்த ஸ்ட்ரைக்-அவுட்களைவிட, அதாவது ஃபீல்டர் உதவியில்லாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் எடுத்த அவுட்களைவிட, கொடுத்த வாக்குகள் பல மடங்கு. அவரை வீழ்த்தியது பேட்ஸ்மேன்கள் என்பதைவிட அவருடைய குறி தப்பியதுதான் என்று எனக்குத் தோன்றக் காரணம் இதுவே. ஐந்து அடி கூடும்போது முதலில் கெடுவதும் குறிதான்.

இ.ஆர்.ஏ. பற்றி ஓர் எச்சரிக்கை. அது அந்தக் காலத்தில் அதிகாரபூர்வமாகக் கணக்கிட்ட எண் அல்ல. பிற்கால ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களையும் ஸ்கோர் அட்டைகளையும் வைத்துக் கட்டியது. ஹிட்டா எரரா என்று எழுதியது ஒரு தனி மனிதரின் கண். ஆகவே 10.19ல் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மிக மோசம் என்பதில் மாற்றமில்லை.

இங்கேதான் நேர்மையாக நிறுத்தி யோசிக்க வேண்டும். தூரம் எல்லோருக்கும்தான் மாறியது. லீகின் சராசரி 4.66 ஆக இருந்தபோது ஜோன்ஸ் அதன் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார். அப்படியானால் பழி முழுவதையும் ஐந்து அடியின்மேல் போட முடியாது. இதைச் சோதிக்க இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

ஒருவர் டெட் பிரைட்டன்ஸ்டைன். ஜோன்ஸுக்கு ஒரு வருடம் முன்பு, 1891 அக்டோபர் 4, அதுவும் பருவத்தின் கடைசி நாள். செயின்ட் லூயிஸ் அணிக்காக, முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய அன்றே லூயிவில்லுக்கு எதிராக நோ-ஹிட்டர் வீசினார். அதற்கு முன் அந்த வருடம் இடையில் இறங்கிச் சில ஆட்டங்கள் வீசியிருந்தார், அதனால்தான் "முதல் ஆட்டம்" என்ற பெருமை அவருக்கு இல்லை. அடுத்த வருடம், பழைய தூரத்திலேயே, அவர் நன்றாக அடிவாங்கினார். இ.ஆர்.ஏ. 4.69. ஆனால் அணி அவரைத் தூக்கிப் போடவில்லை, தொடர்ந்து வீசவிட்டது. 1893ல் தூரம் கூடியது, எல்லோரும் தடுமாறினார்கள், இவர் 3.18 என்ற இ.ஆர்.ஏ.யோடு லீகிலேயே முதலிடம் பிடித்தார். 1898ல் சின்சினாட்டிக்காகப் பிட்ஸ்பர்குக்கு எதிராக இன்னொரு நோ-ஹிட்டரும் வீசினார். ஜோன்ஸ் வீசிய அதே அணிக்காக, அதே எதிரிக்கு எதிராக.

மற்றவர் பாபோ ஹாலமன். 1953 மே 6, செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய அன்று பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்கு எதிராக நோ-ஹிட்டர். பெரிய லீகில் அவர் முழுதாக வீசி முடித்த ஒரே ஆட்டம் அதுதான். 3 வெற்றி, 7 தோல்வியோடு அந்தக் கோடையிலேயே கீழே அனுப்பப்பட்டார், திரும்பி வரவில்லை. அவருக்கு யாரும் தூரத்தை மாற்றவில்லை.

இந்த மூவரையும் சேர்த்துப் பார்த்தால் தூரம் மாறியும் நிலைத்தவர் ஒருவர், மாறாமலே மறைந்தவர் ஒருவர், மாறியபோது மறைந்தவர் ஒருவர். என் முடிவு இப்படி இருக்கும். 1892ன் அந்த நாள் திறமையும் நல்ல ஃபீல்டிங்கும் அதிர்ஷ்டமும் சேர்ந்து வந்தது. அதை வைத்து அவர் பெரிய பிட்சர் என்று சொல்ல முடியாது. 1893ன் சரிவில் தூரத்துக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும் என்று நம்புகிறேன், நிரூபிக்க முடியாது. ஆனால் ஏழு ஆட்டத்தோடு அவரை முடித்துவைத்தது தூரம் அல்ல, பொறுமையின்மை. புது விதி வந்தது 1893 மார்ச்சில், பருவம் தொடங்கியது ஏப்ரல் கடைசியில். ஜூலை நடுவில் அவர் வெளியே. என் பையனுக்கு எட்டு மாதம் ஆனது என்றேனே, ஜோன்ஸுக்குக் கிடைத்தது சுமார் நான்கு மாதம்தான். பிரைட்டன்ஸ்டைனுக்குக் கிடைத்த ஒரு முழு மோசமான வருடம் ஜோன்ஸுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவருக்கு வீசத் தெரியவில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதற்குப் பிறகும் அவர் பல வருடம் சின்ன லீக்குகளில், அதே 60 அடி 6 அங்குலத்திலிருந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு வீசினார். வீசத் தெரியாதவருக்கு எந்த ஊரிலும் அப்படிப் பணம் கொடுக்க மாட்டார்கள். 1938 ஜூன் 25ஆம் தேதி, பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஸீனியாவில் இறந்தார். வயது 68.

கடைசியாக, வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்ற கேள்வி. பெரிய லீகில் காலடி வைத்த முதல் ஆட்டத்திலேயே நோ-ஹிட்டர் என்பது இன்றுவரை ஜோன்ஸ் ஒருவர்தான். மிக அருகில் வந்தவர் அரிசோனாவின் டைலர் கில்பர்ட். 2020ல் கொரோனாவால் சின்ன லீக்குகள் நின்றபோது அப்பாவோடு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போன இடதுகைக்காரர். 2021 ஆகஸ்ட் 14 அன்று முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கி, 102 பந்துகளில் சான் டியகோவுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்தார். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் மூன்று முறை இடையில் இறங்கி வீசியிருந்தார். அது அவருக்கு நான்காவது ஆட்டம்.